தகாயாமா பழைய தெரு: பத்து மணிக்கு முன், ஐந்து மணிக்குப் பின்

ஜப்பானின் தகாயாமாவுக்கு முதல்முறை போனபோது நான் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினேன். பெட்டியை உருட்டிக்கொண்டு நேராகப் பழைய தெருவுக்கு நடந்தேன். கல்யாண வீட்டில் பந்திக்குக் கதவு திறக்கும் நேரம் போலக் கூட்டம். முன்னால் போகிறவரின் முதுகையும் ஐஸ்கிரீம் கடைப் பலகைகளையும் பார்த்தபடி மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு மாலை ரயிலைப் பிடித்தேன். 'இதற்கா இவ்வளவு தூரம்?' என்றிருந்தது.

இரண்டாம் முறை இரண்டு இரவு தங்கினேன். அதே தெருதான், அதே வீடுகள்தான். காலை ஆறரை மணிக்குப் போய் நின்றபோது சலசலவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தெருவின் இரு ஓரமும் வாய்க்கால் ஓடுகிறது. முதல்முறை மூன்று மணி நேரம் நடந்தும் அப்படியொன்று இருப்பதே என் கண்ணில் படவில்லை.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் கடிகாரத்தைப் பற்றித்தான். எதைப் பார்ப்பது என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். எதை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதில்தான் தகாயாமா பயணம் தேறுவதும் கெடுவதும் இருக்கிறது.

முதலில், ஊரைப் பற்றிக் கொஞ்சம்

தகாயாமா, கிஃபு மாநிலத்தின் வடபகுதியான ஹிடா மலைநாட்டில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 570 மீட்டர் உயரம். சுற்றிலும் மலை, நடுவே பள்ளத்தாக்கு, அதில் மியகாவா என்ற ஆறு. 2005-இல் அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்துக்கொண்ட பிறகு, பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய நகராட்சி இதுதான். பெயர்தான் நகராட்சி, நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு காடு. நீங்கள் பார்க்கப்போகும் பழைய ஊரை அரை மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடலாம்.

மரமும் தச்சு வேலையும்தான் இந்த மலைநாட்டின் சொத்து. விளைநிலம் குறைவு என்பதால், எட்டாம் நூற்றாண்டின் நாரா காலத்தில் மற்ற மாகாணங்களைப் போலத் துணியும் பொருளுமாக வரி கட்டாமல், தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்பி வரியைத் தீர்த்தவர்கள் ஹிடா மக்கள். தலைநகரத்துக் கோயில்களும் அரண்மனைகளும் எழுந்ததில் அவர்கள் கையும் உண்டு. பிற்காலத்தில் கனாமோரி நாகாச்சிகா என்ற தளபதி ஹிடாவைப் பிடித்து, மலைமேல் கோட்டை கட்டி, அடிவாரத்தில் ஆற்றங்கரையோரமாக வணிகர் தெருக்களை வகுத்தார். இது பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஆறு தலைமுறை ஆண்ட கனாமோரி குடும்பத்தை 1692-இல், அப்போது ஜப்பானை ஆண்ட இராணுவத் தலைவர்களான தோகுகாவா ஷோகுன்களின் அரசு வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டு, ஹிடாவை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. காரணம் காட்டு மரமும் சுரங்கமும். கோட்டையை 1695-இல் இடித்தார்கள். வணிகர் தெருக்கள் பிழைத்துக்கொண்டன.

ரயில் பாதை இந்த மலைக்குள் முழுதாக வந்து சேர்ந்தது 1934-இல்தான். அத்தனை காலம் வெளியுலகம் எட்டாமல் இருந்ததே தெருவுக்குக் காவலாகிவிட்டது என்பது என் எண்ணம்.

எந்த மாதம்

ஏப்ரல் நடுவில் செர்ரிப் பூ. டோக்கியோவில் பூ உதிர்ந்து இரண்டு வாரம் கழித்து இங்கே பூக்கும், மலைக்குளிர் அப்படி. அக்டோபர் கடைசியில் இலைகள் சிவக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பனி. வெள்ளைக் கூரைகளும் கறுத்த மரச்சுவர்களுமாகத் தெரு மிக அழகாக இருக்கும் காலம் அதுதான் என்றாலும், இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பத்து பாகைவரை இறங்குவதுண்டு. தரையில் உறைந்த பனி கண்ணாடி போல வழுக்கும். சென்னையில் வாங்கிய ஓட்டப் பயிற்சிக் காலணியோடு போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் நம் ஊர்போலவே அடிக்கும். இரவு மட்டும் குளிரும்.

திருவிழா நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வசந்த விழா ஏப்ரல் 14, 15. இலையுதிர்கால விழா அக்டோபர் 9, 10. கிழமை எதுவானாலும் தேதி மாறாது. வசந்தத்தில் பன்னிரண்டு தேர்கள், இலையுதிர்காலத்தில் பதினொன்று. யாத்தாய் என்று பெயர். அரக்கும் தங்கத் தகடும் மரச்செதுக்கலும் இழைத்த இந்தத் தேர்களில் சிலவற்றின் உச்சியில் கராகுரி என்ற பொம்மைகள் ஆடும். தேருக்குள்ளே ஒளிந்து உட்கார்ந்தபடி ஆட்கள் கயிறிழுத்து ஆட்டுவிக்கிறார்கள். நம் பொம்மலாட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு பொம்மை இன்னொன்றின் தோளில் தாவி ஏறும் இடத்தில் கயிறு எங்கே என்று தேடத் தோன்றும், கிடைக்காது. முதல் நாள் இரவு ஒவ்வொரு தேரிலும் நூறு காகித விளக்குகள்வரை ஏற்றி ஊர்வலம் வருவதைப் பார்க்க முடிந்தால் பகல் கூட்டத்தை மன்னித்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். விழா நாளுக்கு அறை வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். மழை வந்தால் தேர்கள் வெளியே வராது. அரக்கு வேலை நனையக் கூடாது என்று கொட்டகைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு விழா நாளை நான் பரிந்துரைப்பதில்லை. சகுராயாமா ஹச்சிமான் கோயிலை ஒட்டியுள்ள தேர்க் காட்சியகத்தில் இலையுதிர்கால விழாத் தேர்களில் நான்கை முறைவைத்து நிறுத்தியிருப்பார்கள். மழைக்கும் கூட்டத்துக்கும் பயப்படாமல் அருகில் நின்று பார்க்கலாம்.

ரயிலில் போவது

டோக்கியோவின் ஷின்ஜுக்குவிலிருந்து நேரடி பஸ் உண்டு. ஐந்தரை மணி நேரம் ஆகும். நான் ரயிலையே சொல்வேன். நகோயாவரை புல்லட் ரயில், அங்கிருந்து 'ஹிடா' விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருந்தால் இதற்கும் செல்லும். நகோயா, தகாயாமா, கனாசவா, ஒசாகா என்று சுற்றி வருவதாக இருந்தால், தகாயாமா-ஹொக்குரிக்கு பகுதிப் பாஸ் என்று ஐந்து நாள் சீட்டு ஒன்று இருக்கிறது. முழு ரயில் பாஸ் எடுக்கும் முன் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நகோயாவில் ஏறியதும் இருக்கைகள் எல்லாம் பின்னோக்கித் திரும்பியிருக்கும். யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, காலடியில் இருந்த மிதியை அழுத்தி என் இருக்கையைத் திருப்பிக்கொண்டேன். பின்வரிசையில் இருந்த வயதான தம்பதிக்கு நேர் எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டியதாயிற்று. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்துப் புன்னகைத்தார்கள். இருபது நிமிடத்தில் கிஃபு நிலையம் வந்தது. அங்கே ரயில் திசை மாறிக் கிளம்புகிறது. அத்தனை இருக்கைகளும் முன்னோக்கி ஆகிவிட்டன, என்னுடையதைத் தவிர. ஆகவே இருக்கையைத் தொடாதீர்கள்.

கிஃபு தாண்டியதும் கைப்பேசியை உள்ளே வையுங்கள். ஹிடா ஆற்றின் ஓரமாகவே பாதை ஏறுகிறது. பச்சைத் தண்ணீர், வெள்ளைப் பாறைகள், கரை மாறி மாறிப் பாலங்கள். கெரோ வெந்நீரூற்று ஊரைக் கடந்து வெகுநேரம் கழித்து ஒரு நீண்ட சுரங்கம் வரும். அதுவரை ரயிலுக்கு எதிராக, தெற்கே பசிபிக் கடலை நோக்கி ஓடிவந்த தண்ணீர், சுரங்கத்தைத் தாண்டிய பிறகு ரயிலோடு சேர்ந்து வடக்கே ஓடும். மலையின் முதுகைக் கடந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இப்போது கூட வருவதுதான் மியகாவா.

இறங்கியதும்

பெட்டியைத் தங்குமிடத்தில் விட்டுவிடுங்கள். அறை தரும் நேரம் ஆகாவிட்டாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நிலையத்தில் பூட்டுப் பெட்டிகள் உண்டு. பழைய தெருவில் சக்கரப் பெட்டியின் கடகட ஓசையைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. செய்தவன் சொல்கிறேன்.

ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தைக் கிழவிகளிடமும் குச்சிப் பண்டக் கடைகளிலும் நூறு யென் நாணயங்களும் ஆயிரம் யென் தாள்களும்தான் சுலபம். வெளிநாட்டு அட்டைக்குப் பணம் தரும் இயந்திரம் செவன்-லெவன் கடையில் இருக்கும்.

திசைக்கு வரைபடம் தேவையில்லை, ஆறு போதும். தண்ணீர் போகும் பக்கம் வடக்கு. ரயில் நிலையம் மேற்குக் கரையில். பழைய தெருக்கள் கிழக்குக் கரையில். கோட்டை இருந்த குன்று தென்கிழக்கில். நிலையத்திலிருந்து கிழக்கே கொகுபுன்ஜி வீதியில் நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆற்றுக்கு வந்துவிடலாம். வழியில் இடப்பக்கம் கொகுபுன்ஜி கோயில் வரும். அங்கே மூன்று நிலை மரக்கோபுரமும், வயது ஆயிரத்து இருநூறுக்கும் மேல் என்று சொல்லப்படும் கிங்கோ மரமும் இருக்கின்றன. மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். ஆற்றை அடைந்ததும் காஜிபாஷி பாலம். அதன்மேல் ஒரு பக்கம் கால் நீண்ட உருவமும் மறுபக்கம் கை நீண்ட உருவமுமாக வெண்கலச் சிலைகள். யாரையாவது சந்திக்க வேண்டுமானால் "நீளக்கால்காரரிடம் நில்லுங்கள்" என்று சொல்லிவிடலாம்.

பழைய ஊர், ஆற்றுக்கு இணையாக ஓடும் மூன்று தெருக்கள்: இச்சினோமாச்சி, நினோமாச்சி, சன்னோமாச்சி. அதாவது முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு. மூன்றும் சேர்ந்து சன்மாச்சி. மூன்றாவதுதான் ஆற்றுக்கு மிக அருகில். காஜிபாஷியிலிருந்து கிழக்கே போகும் யாசுகாவா வீதி இவற்றைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்குத் தெற்கே இருப்பவை 'கமி', அதாவது மேல். வடக்கே இருப்பவை 'ஷிமோ', அதாவது கீழ். ஆற்றின் மேல்பக்கம், கீழ்பக்கம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. படங்களில் எல்லாம் வருவது கமி-சன்னோமாச்சி. கூட்டமும் அங்கேதான்.

காலை ஆறு முதல் ஒன்பது வரை

இந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இங்கே இரவு தங்கச் சொல்கிறேன்.

கடைகள் மூடியிருக்கும், அதுவே நல்லது. கமி-சன்னோமாச்சியின் தெற்கு முனையில் தொடங்கி வடக்கே மெதுவாக நடங்கள். வீடுகள் எல்லாம் தாழ்ந்த இறவாணத்தோடு, மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கி அடித்த முகப்போடு நிற்கும். வணிகன் மாடியிலிருந்து சாமுராயைக் குனிந்து பார்க்கக் கூடாது என்பதற்காகத் தாழ்வாகக் கட்டவைத்தார்கள் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். மரத்தின் கருஞ்சிவப்பு நிறம், செங்காவிப் பொடியோடு புகைக்கரி கலந்து பூசியதால் வருவது. கிட்டே போய் ஒரு சட்டத்தைப் பாருங்கள்: விளிம்புகள் மழையில் கரைந்து, வைரம் பாய்ந்த வரிகள் மட்டும் நரம்புபோல மேலெழுந்து நிற்கும்.

அடுத்து வாய்க்கால். ஒரு முழ அகலம், ஓடும் தண்ணீர். பனியைத் தள்ளவும் தீயை அணைக்கவும் பயன்பட்டது. தீ இந்த ஊரின் பழைய பகை. 1875-இல் பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. தெரு மூலைகளில் சிறுசிறு சன்னதிகளைப் பார்த்தால், அவை பெரும்பாலும் நெருப்பிலிருந்து காக்கும் அகிபா தெய்வத்துக்கானவை. நெடிய கதவோடு வெள்ளைச் சாந்து பூசிய உயரமான கட்டடங்கள் தேர்களை வைக்கும் கொட்டகைகள். தீப்பிடித்தாலும் தேர் பிழைக்கும்படி தடித்த சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

சில வாசல்களில் இறவாணத்திலிருந்து, நம் வீடுகளில் திருஷ்டிப் பூசணி தொங்குவது போல, பெரிய உருண்டை ஒன்று தொங்கும். அருகில் போனால் அது சிடார் இலைகளைக் கட்டிக் கத்தரித்த பந்து. சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் இடத்தின் அடையாளம் அது. சுகிடாமா என்று பெயர். குளிர்காலத்தில் புதுச் சாக்கே இறங்கும்போது பச்சைப் பந்தைத் தொங்கவிடுவார்கள். மாதங்கள் போகப்போக அது பழுப்பாகும். உள்ளே மதுவும் முதிர்கிறது. நான் மே மாதம் பார்த்தது பாதி பச்சை, பாதி தவிட்டு நிறம்.

ஏழு மணிக்குச் சந்தை. குளிர்காலமானால் எட்டு மணி. இரண்டு சந்தைகள் இருக்கின்றன: காஜிபாஷிக்கு வடக்கே கிழக்குக் கரையோரமாக மியகாவா காலைச் சந்தை, தெற்கே பழைய அரசு மாளிகைக்கு முன்னால் ஜின்யா-முன் சந்தை. இரண்டும் நண்பகலோடு கலைந்துவிடும். மியகாவாவில் கைவினைப் பொருளும் தின்பண்டமும் அதிகம், ஆறும் பக்கத்தில். ஜின்யா முன்னால் இருப்பது விவசாயிகள் கொண்டுவரும் காய்கறி, பூ, ஊறுகாய் அதிகமாகக் கிடைக்கும் சின்னச் சந்தை. எனக்குப் பிடித்தது சின்னதுதான். தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி, சிவப்பு டர்னிப் ஊறுகாயைப் பல்குச்சியில் குத்தி என் கையில் கொடுத்தார். புளிப்பும் உப்பும், காரம் துளியும் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஊறுகாயைக் குத்தினார். நான்காவதில் வாங்கிவிட்டேன். சந்தைக்காரர்களைப் படமெடுக்க வேண்டுமானால் முதலில் சைகையால் கேளுங்கள். ஒரு பொட்டலம் வாங்கிவிட்டுக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

ஒன்பதுக்கு மேல்: தெருவைவிட்டு வெளியேறுங்கள்

ஒன்பது, பத்து மணிக்குக் கடைகள் திறக்கும். சுற்றுலாப் பஸ்களும் வந்துவிடும். கூட்டம் தெருவுக்குள் நுழையும்போது நீங்கள் செந்நிறப் பாலமான நாகாபாஷி வழியாக மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள். எதிரே தகாயாமா ஜின்யா, காலை 8.45-க்குத் திறக்கிறது.

ஷோகுன் அரசின் அதிகாரிகள் 177 ஆண்டுகள் ஹிடாவை நிர்வகித்த இடம் இது. நாடெங்கும் இப்படிப் பல அலுவலகங்கள் இருந்தும், முதன்மைக் கட்டடம் தப்பி நிற்பது இங்கே மட்டும்தான். அதற்குக் காரணமும் சுவையானது: ஷோகுன் ஆட்சி போன பிறகும் 1969 வரை இங்கே அரசு அலுவலகம் நடந்துகொண்டே இருந்தது. கோப்பு நடமாடும் கட்டடத்தை யாரும் இடிக்கமாட்டார்கள்.

வாசலில் காலணியைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் கொண்டுபோக வேண்டும். இந்த ஊரில் ஒரு நாளில் ஐந்தாறு முறை இப்படிக் கழற்றுவீர்கள். நாடா இல்லாத காலணியும் ஓட்டையில்லாத காலுறையும் அவசியம். நான் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் உறையோடு பாய் விரித்த கூடங்களைக் கடந்திருக்கிறேன். முந்நூறு ஆண்டு அதிகாரமும் என் விரலையே பார்ப்பதுபோல இருந்தது. குளிர்காலத்தில் பலகைத் தரை பனிக்கட்டிபோலச் சில்லிடும், தடித்த உறை போடுங்கள்.

உள்ளே மூன்றை மட்டும் தவறவிடாதீர்கள். ஒன்று, நுழைவுக் கூடத்துச் சுவரில் இருக்கும் நீல அலை ஓவியம். இரண்டாவது, தூண்களில் ஆணித்தலையை மறைக்கும் சிறு உலோக முயல்கள். நேராக உங்களைப் பார்த்தபடி, காதை விடைத்துக்கொண்டு இருக்கும். பிள்ளைகளோடு போனால் "எத்தனை முயல் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டுவிடலாம், பொழுது போவதே தெரியாது. மூன்றாவது, சரளைக்கல் பரப்பிய விசாரணை முற்றமும், கோட்டையிலிருந்து பெயர்த்துவந்த பிரம்மாண்டமான நெற்களஞ்சியமும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலத்தை மறுபடி அளந்து வரியை ஏற்றியது போன்ற அதிகாரிகளின் செயல்களை எதிர்த்து 1771 முதல் 1788 வரை ஹிடா விவசாயிகள் மூன்று கட்டமாகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஓஹாரா கலவரம் என்பது அதன் பெயர். தலைவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். களஞ்சியத்துக்குள் அடுக்கியிருக்கும் நெல் மூட்டைகளைப் பார்க்கும்போது அந்தச் சரளைக்கல்லில் மண்டியிட்டவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

ஜின்யாவுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகும் கமி-சன்னோமாச்சிக்குத் திரும்பாதீர்கள். யாசுகாவா வீதியைத் தாண்டி வடக்கே ஷிமோ-நினோமாச்சி, ஓஷின்மாச்சி பக்கம் போங்கள். பழைமையில் குறையில்லை, கூட்டம் பாதிகூட இல்லை. அங்கே குசாகாபே, யோஷிஜிமா என்று இரண்டு வணிகக் குடும்ப வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1875 தீக்குப் பிறகு 1879-இல் எழுந்தது குசாகாபே வீடு. 1905 தீக்குப் பிறகு 1907-இல் எழுந்தது யோஷிஜிமா வீடு. ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் என்றால் யோஷிஜிமா. நுழைந்ததும் மண்தரைக் கூடத்தில் அண்ணாந்து பாருங்கள். கூரைவரை மச்சு இல்லாமல் திறந்த வெளி. உத்தரமும் குறுக்குத்தூணும் ஒன்றையொன்று தாங்கி மேலே மேலே போக, உயரத்துச் சன்னலிலிருந்து ஒளி சாய்வாக இறங்கும். நாரா காலத்தில் வரிக்குப் பதிலாக ஏன் தச்சர்களைக் கேட்டார்கள் என்பது அந்த ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

கால் தெம்பு மிச்சம் இருந்தால் கிழக்கே மலையடிவாரத்துக் கோயில் வரிசையான ஹிகாஷியாமா நடைபாதை. இல்லையென்றால் பஸ்ஸில் பத்து நிமிடத்தில் ஹிடா நோ சாத்தோ. மலைக்கிராமங்களிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த கூரை வீடுகளைக் குளத்தைச் சுற்றி நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். இப்படிப்பட்ட கூரை வீடுகளுக்குப் பேர்போன ஷிரகாவா-கோ மலைக்கிராமத்துக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு இது போதும்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

தெருவில் முதலில் மூக்கைப் பிடிப்பது மித்தராஷி டாங்கோவின் வாசனை. அரிசி மாவு உருண்டைகள் ஐந்தைக் குச்சியில் கோத்து, சோயா சாஸில் தோய்த்து, கரி அடுப்பில் சுடுவார்கள். மற்ற ஊர்களில் இதன்மேல் இனிப்புப் பாகு ஊற்றுவது வழக்கம். தகாயாமாவில் வெறும் சோயா, இனிப்பு கிடையாது. அடுப்புக்காரர் குச்சியை விரலால் உருட்ட உருட்ட, உருண்டையின் தோல் பழுத்துக் கருகும் கணத்தில் எடுத்து நீட்டுவார். கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுக் குச்சியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். நடந்துகொண்டே தின்பது இங்கே நாகரிகக் குறைவு. குப்பைத் தொட்டியும் தெருவில் தேடினாலும் கிடைக்காது.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஹிடா மாட்டிறைச்சிதான் ஊரின் பெருமை. குச்சியில் சுட்டும், சோற்றுருண்டைமேல் வைத்து அரிசி அப்பளத்தில் ஏந்தியும் விற்கிறார்கள். மெல்லிய சுருள் நூடுல்ஸ் கொண்ட தகாயாமா ராமெனும் உண்டு.

சைவர்கள் கவனிக்க வேண்டியது தாஷி. உலர்மீனில் இறக்கிய சாறு அது. காய்கறி நூடுல்ஸ், மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், அவித்த கீரை என்று எதிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். "இறைச்சி இல்லை" என்றால் மீனும் இல்லை என்று பொருளாகாது. மீன், மீன்சாறு, இறைச்சி, முட்டை எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் மரபுச் சைவ உணவான ஷோஜின் ரியோரி பரிமாறும் இடங்கள் இந்த ஊரில் உண்டு. முன்பதிவு வேண்டும், விலையும் அதிகம், ஒரு முறை சாப்பிடத் தகுந்தது. ஹோபா மிசோவையும் கேட்டுப் பாருங்கள்: உலர்ந்த மக்னோலியா இலைமேல் மிசோவும் காளானும் வெங்காயத்தாளும் வைத்து, சின்னக் கரியடுப்பில் உங்கள் முன்னாலேயே வாட்டுவது. சோற்றோடு தொட்டுக்கொண்டால் துவையல் மாதிரி. அதிலும் தாஷி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்கே ருசிபார்க்கும் இடங்கள் பழைய தெருவிலேயே பல. சின்னக் கிண்ணம்தானே என்று வரிசையாக எல்லாவற்றிலும் ஏறினால், மாலை நேரத்தைத் தூங்கிக் கழிப்பீர்கள். வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

என்ன வாங்கலாம்

முகமே இல்லாத சிவப்புப் பொம்மை எங்கும் தொங்கும்: சாருபோபோ, குரங்குக்குட்டி என்று பொருள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்தது. கண், மூக்கு இல்லாததால் பார்க்கிறவரின் மனம் எப்படியோ பொம்மையும் அப்படி என்பார்கள். ஒன்று வாங்கலாம். மரத்தின் வரிகள் தெரியும்படி பூசிய ஷுன்கெய் அரக்குப் பாத்திரம் விலை கூடினாலும் நிற்கும்.

ஐந்து மணிக்குப் பின்

ஐந்து மணிக்குக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மரக்கதவைச் சாத்தும். பகல்நேரப் பயணிகள் நிலையம் போய்விட்டார்கள். இப்போது திரும்பவும் கமி-சன்னோமாச்சி உங்களுடையது. சட்டங்களுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும், உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்கும். இவற்றில் மக்கள் வசிக்கிறார்கள். குரலைத் தாழ்த்துங்கள், சட்டத்தின் இடுக்கில் கண் வைத்துப் பார்க்காதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்யோசனை வேண்டும். உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடும். மரபு விடுதியில் தங்கினால் சாப்பாட்டு நேரத்தை அவர்களே சொல்வார்கள். ஆறு மணி என்றால் ஆறுதான், தாமதித்தால் சமைத்தவர் மனம் வருந்தும். அறையில் வைத்திருக்கும் யுகாத்தா அங்கியை உடுத்தும்போது இடப்பக்க மடிப்பு மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. நான் அப்படி உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது விடுதி அம்மா ஓடிவந்து மாற்றிக் கட்டிவிட்டார்.

கிளம்பும்போது

முடிந்தால் வந்த வழியே நகோயாவுக்குத் திரும்பாதீர்கள். வடக்கே டோயாமாவுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து கனாசவா புல்லட் ரயிலில் அருகில்தான். டோயாமா பக்கம் போகும் விரைவு ரயில்கள் ஒரு நாளில் சிலவே, ஆகவே நேரத்தை முன்தினமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாதை மியகாவாவைத் தொடர்ந்தே இறங்குகிறது. மாநில எல்லைக்கு அப்பால் ஆற்றின் பெயர் ஜின்சு என்று மாறும். காலையில் நாகாபாஷிக்கு அடியில் போன தண்ணீர் டோயாமா விரிகுடாவில் போய்க் கலக்கிறது. நான் போன அன்று சன்னலோர இருக்கை கிடைக்கவில்லை. வண்டிகளின் இணைப்பில் கதவோரமாக நின்றபடியே பார்த்துக்கொண்டு போனேன், ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.